ரெண்டாவது தினகர் ஷெட்டி

உக்காரு கண்ணு, உக்காரு. அந்தப் பையைக் கால்ல இடுக்கிக்காதே, கொண்டை ஊசி வளைவுல உருண்டுரும். என்ற மடியில வை. கோத்தகிரிக்குத்தானே? நாங்களும் அங்கதான். நாங்கன்னா, நானும், முன் சீட்டுல மஃப்ளரைக் காதைச் சுத்திக் கட்டிக்கிட்டுத் தூங்கறாரே, அவரும். எங்க ஊட்டுக்காரரு. பக்கத்துப் பக்கத்துல எடம் கிடைக்கலை. நீ ஒண்ணும் மெதுவாப் பேச வேண்டாம். கொறட்டை கேக்குதில்ல? அந்தச் சத்தம் வந்துக்கிட்டு இருக்கற வரைக்கும் அவரைப் பத்தி நாம என்ன வேணா பேசலாம்.

மடியில ஒரு தோல் பையை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருக்காரு பாரு. நகை இருக்கும்னு நினைச்சிருப்பே. கண்டக்டரும் அப்படித்தான் நினைச்சு, பத்திரமா வெச்சுக்குங்க பெரியவரேன்னு சொல்லிட்டுப் போறாரு. உள்ளே இருக்கறது ஒரே ஒரு அட்டை. பபிள் கம் பாக்கெட்டுக்குள்ள வருமே, கிரிக்கெட் ஆட்டக்காரங்க படம் போட்ட அட்டை, அது. சிரிக்காதே. சரி, சிரி. நானும் சிரிச்சவதான்.

என்ற பொண்ணு சின்னதா இருக்கறப்ப வாங்கிக் குடுத்த பபிள் கம். அவ கம்மை மென்னா, இவரு அட்டையை எடுத்து வெச்சுக்கிட்டாரு. தினகர் ஷெட்டின்னு ஒரு விக்கெட் கீப்பர். ஒரு சீசன் ஆடினாராம், பொறவு யாரும் கூப்பிடலையாம். அந்தப் படத்துல மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறாரு கண்ணு! போட்டோ எடுக்கற நேரமாப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிட்டாரு போல. பந்து பிடிக்கற ஆளு கண்ணை மூடிக்கிட்டு நின்னா எவன் கூப்பிடுவான்? இதை நான் சொன்னா இவருக்கு மூக்கு மேல கோவம் வரும். "அதனாலதான் ராசு அது அபூர்வம்"னுவாரு. ராசுன்னா நான்தான். ராஜாமணி.

இவரு நூல் மில்லுல தரம் பார்க்கற வேலை பார்த்தவரு. நூல்ல எங்க முடிச்சு, எங்க திப்பின்னு பார்த்துப் பார்த்து, கண்ணு அப்படியே பழகிப்போச்சு. ரிட்டயரான பொறவு நூல் இல்ல, என்ற தோசை இருந்துச்சு. "இன்னிக்கு எட்டு மார்க் ராசு, ஓரத்துல ஒரு பக்கம் தடிச்சிருக்கு"னுவாரு. எங்க பொண்ணு ஊரை விட்டுப் போறப்ப ஒரு கம்ப்யூட்டரை வெச்சுட்டுப் போனா. அதுல நோண்டிக்கிட்டு இருந்தவரு, ஒரு நாள் என்னமோ புதையல் கிடைச்ச மாதிரி ஓடி வந்தாரு.

விஷயம் என்னன்னா, வெளிநாட்டுல ஒரு கம்பெனி இருக்காம். நீ அட்டையை அனுப்பினா, அவங்க பூதக்கண்ணாடி வெச்சு மூலை மழுங்கியிருக்கா, கீறல் இருக்கான்னு பார்த்து, பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுவாங்களாம். போட்டு, கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுல வெச்சு, காத்துப் புகாம ஒட்டி, மேல நம்பர் போட்ட சீட்டு ஒண்ணு வெச்சுத் திருப்பி அனுப்புவாங்க. அதோட விட்டாங்களா? இல்ல. அவங்க வெப்சைட்டுல, எந்த அட்டை எந்த மார்க்குல உலகத்துல எத்தனை இருக்குன்னு ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். யாரு வேணாலும் பார்க்கலாம். சோறு தண்ணி இல்லாம அதைப் பார்த்துக்கிட்டே இருக்கறவங்க உலகம் பூரா இருக்காங்க கண்ணு. நம்ம ஊடு மட்டும்தான்னு நினைச்சு நான் வெசனப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

அட்டையை அனுப்பினாரு. ஒன்பது மார்க் வந்துச்சு. வெப்சைட்டுல பார்த்தா, தினகர் ஷெட்டி, ஒன்பது மார்க், உலகத்துல ஒண்ணு. பத்து மார்க் வாங்கினது ஒண்ணுமே இல்ல. அப்படின்னா உலகத்துலயே இதுதான் ஒசத்தி. எங்க ஊட்டு பீரோவுல. மனுஷன் தரையில நடக்கலை. பால்காரர்கிட்டச் சொன்னாரு, கேஸ் போடறவர்கிட்டச் சொன்னாரு. பால்காரரு பாவம், "அப்படிங்களா, ஷெட்டிக்கு உடம்பு தேவலாங்களா?"ன்னு கேட்டாரு.

எனக்கும் ஒரு ஆசை வந்துச்சு. "ஏனுங்க, எனக்கு எத்தனை மார்க்?"னு கேட்டேன். நெம்ப நேரம் பார்த்தாரு. "மார்க் போட்டா டப்பாவுல வெச்சு மூடணும் ராசு. உன்னை எப்படி மூடறது?"ன்னாரு. பார்த்தியா? நான் வாயாடின்னு எப்படிச் சுத்தி வளைச்சுச் சொல்றாரு!

உன்ற போன்ல சிக்னல் இருக்கா? அந்த வெப்சைட்டைக் காட்டறேன், நீயே பாரு. என்றது பட்டன் போன், அதுல பேச மட்டும்தான் முடியும். அவரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்காரு, இந்தா, இதை அப்படியே அடி. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா? சுத்தட்டும். மலை ஏறுனா அப்படித்தான். மேல போனா வரும்.

அந்த வெப்சைட்டு ஒண்ணும் யோக்கியம் இல்ல, கேட்டுக்கோ. ஒரு நாள் இவரு அட்டையோட நம்பரைப் போட்டா, ஷெட்டி இருக்க வேண்டிய எடத்துல எவனோ ஒரு வெள்ளைக்காரன் நீலத் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கறான். வேற ஏதோ ஆட்டத்துக்காரன். அன்னிக்குச் சோறு எறங்கலை. டப்பாவைத் திறக்காமலே திருப்பித் திருப்பிப் பார்க்கறாரு, உள்ள இருக்கறது ஷெட்டிதானான்னு. அடுத்த நாள் அதுவே சரியாப் போச்சு. ஷெட்டி மறுபடியும் கண்ணை மூடிக்கிட்டு வந்து நின்னுட்டாரு.

சும்மா இருந்திருக்கலாமில்ல? இருக்க மாட்டாரே. ஒன்பது வந்துச்சே, அந்த ஒரு மார்க்கை எங்க குறைச்சான்னு மண்டையைக் குடைய ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாள் மத்தியானம் நான் ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு இருக்கேன், சமையல் மேடையில கட்டிங் பிளேயரை வெச்சுக்கிட்டு டப்பாவை நொறுக்கறாரு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கேட்டா, டப்பாவை உடைச்சு அட்டையை மட்டும் மறுபடியும் அனுப்பினா பத்து வந்தாலும் வருமாம். இந்தக் கூட்டத்துல எல்லாரும் செய்யறதுதானாம். அனுப்பினாரு. புது டப்பா, புது நம்பர், அதே ஒன்பது. சரி போகட்டும்னு விட்டுட்டாரு.

கொஞ்ச நாள் கழிச்சு, காலையில காப்பி கொண்டு போறேன், கம்ப்யூட்டர் முன்னாடி சிலையா உக்காந்திருக்காரு. "ராசு, ரெண்டு"ன்னாரு. என்ன ரெண்டு? "ஒன்பது மார்க்குல ரெண்டு ஷெட்டி காட்டுது. எவனோ ஒருத்தன் வெச்சிருக்கான்." எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமா ஒரு பக்கம். நூல் மில்லுல அத்தனை வருஷம் இருந்தும் இவரு பேரு ஒரு எடத்துலயும் முதல்ல வந்ததில்ல கண்ணு. இது ஒண்ணுலதான் உலகத்துலயே முதல்னு உக்காந்திருந்தாரு. அதுலயும் ஒருத்தன் வந்து பக்கத்துல உக்காந்துட்டான்னா?

அன்னில இருந்து எவன் அவன், எந்த ஊருன்னு ஒரே தேடல். யார் யாருக்கோ மெயில் போட்டாரு. பெங்களூருல லோபோன்னு ஒருத்தரு, இந்த அட்டைக்காரங்களுக்கெல்லாம் பெரிய மனுஷன், நேர்ல வாங்க பேசலாம்னாரு. "நீயும் வர்றியா ராசு?"ன்னு இவரு கேட்டாரு பாரு, எனக்குக் கை கால் ஓடலை.

அது ஏன்னு சொல்லணும். நான் ஒரு பஸ் கம்பெனியில பார்சல் கவுன்டர்ல வேலை பார்த்தவ. திருச்செந்தூருக்கு ஒரு மூட்டை, குத்தாலத்துக்கு ஒரு பெட்டி, ஊட்டிக்கு ஒரு கட்டுன்னு காலம் பூரா ஊர்ப் பேரா எழுதித் தள்ளினேன். என்ற கையால கட்டின பார்சல் போகாத ஊரு இல்ல. நான் போன ஊரு? கோபி, ஈரோடு, கல்யாணம் காட்சின்னா கோயமுத்தூரு. இவருகிட்டக் கேட்டா, "அங்கேயும் இதே வெயில்தான் ராசு"ன்னுடுவாரு. மில்லு லீவு விட்டாலும் ஊட்டுலதான். நானும் கேட்டுக் கேட்டு, அப்புறம் கேக்கறதையே விட்டுட்டேன்.

சிக்னல் வந்துச்சா? இல்லையா. சரி.

பெங்களூரு போனோம். லோபோ ஊட்டுல அவரு சம்சாரம் கேக்கெல்லாம் வெச்சாங்க. இவரு கதையைப் பூராக் கேட்டுட்டு லோபோ ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "நாச்சிமுத்து சார், டப்பாவை உடைச்சீங்களே, பழைய சீட்டையோ, அதோட போட்டோவையோ அவங்களுக்கு அனுப்பினீங்களா? அனுப்பலைன்னா அவங்க கணக்குல அந்தப் பழைய நம்பர் அப்படியே நிக்கும். ஒரே அட்டைதான், ரெண்டுன்னு எண்ணிடும். இது எல்லாருக்கும் நடக்கறது."

இவருக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? மில்லுல ஒரு கோன் நூலைச் சீட்டில்லாம நான் வெளிய விட்டதில்ல. அட்டையோடயே உள்ள வெச்சு அனுப்பினேன்." "அப்படின்னா வேற ஒருத்தர் இருக்கார் சார்"னு லோபோ சொல்லிட்டாரு.

நான் கேக்கை வாயில வெச்சவ, முழுங்கலை.

ஏன்னா அந்தச் சீட்டு என்ற மடியில இருந்துச்சு கண்ணு. இந்தப் பர்ஸுல. அன்னிக்கு டப்பாவை நொறுக்கினாருல்ல, மேடை பூரா பிளாஸ்டிக் சில்லு. கூட்டி அள்ளறப்ப, பளபளன்னு நம்பர் போட்ட சீட்டு ஒண்ணு அதுல கிடந்துச்சு. நம்பர் போட்ட சீட்டை நான் தூக்கிப் போட மாட்டேன். பார்சல் கவுன்டர்ல அது பழக்கம். இன்னிக்குக் குப்பைன்னு போட்டா, நாளைக்கு ஒருத்தன் வந்து எங்க என்ற மூட்டைன்னு நிப்பான். அதான் பர்ஸுல, முருகன் படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சேன். பொறவு மறந்துட்டேன். இவரு அதைத்தான் அனுப்பிச்சுட்டேன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லிக்கிட்டு இருக்காரு.

அங்கேயே சொல்லியிருக்கலாம். லோபோ சம்சாரம் முன்னாடி இவரு முகம் என்னத்துக்கு ஆகும்? வெளிய வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். வெளிய வந்தா, "வந்தது வந்தோம், லால்பாக் பார்த்துட்டுப் போலாமா"ன்னாரு. கண்ணாடி மாளிகையாமே, பூவாமே, எத்தனை வருஷமாக் கேள்விப்பட்டது! சரி, ரயில்ல சொல்லிக்கலாம்னு நினைச்சேன். ரயில்ல ஏறினதும், "கொச்சியில ஒருத்தர் இருக்காராம் ராசு, அடுத்த மாசம் அங்க போய்ப் பார்ப்போம்"னாரு. கொச்சி! கடலு! நீயே சொல்லு, வாயைத் திறப்பேனா நான்?

தப்புத்தான். தெரியுது. ராத்திரி பூரா தூங்காமப் பொரண்டு பொரண்டு படுத்திருப்பாரு. எடுத்துக் குடுத்துட்டா அன்னிக்கே நிம்மதியாத் தூங்குவாரு. குடுத்துட்டா பொறவு ஊட்டுல உக்காந்து எட்டு மார்க் தோசை. அங்கேயும் இதே வெயில்தான் ராசு. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு தள்ளிப் போட்டேன். அதுலயும் பாரு, ஆண்டவனே என் பக்கம் வந்துட்டாரு. இந்தப் பொங்கலுக்குப் பொறவு மனுஷன் வெசனத்தை விட்டுட்டாரு! நல்லாச் சாப்பிடறாரு, படுத்ததும் கொறட்டை. இன்னொருத்தன் இருக்கான்கறது பழகிப்போச்சு போல. ஆனாத் தேடறதை மட்டும் விடலை. எனக்கு அதுதானே வேணும்?

இப்பெல்லாம் இவருக்கு எவன் துப்புக் குடுக்கறானோ தெரியல, கூறு கெட்டவனா இருப்பான். கொச்சியில ஒருத்தரைப் பார்த்தோம், அவராவது தபால் தலை வெச்சிருந்தாரு. ஏற்காட்டுல ஒரு ஊடு, பூட்டிக் கிடந்துச்சு. தரங்கம்பாடியில கடற்கரையோரமா இருக்கறதாச் சொன்னாங்க, போனா அந்தப் பேர்ல ஆளே இல்ல. மீனு சாப்பிட்டுட்டு வந்தோம். குத்தாலத்துக்கு அந்த ஆளு சீசனுக்குக் குளிக்க வருவாராம்! அருவியில குளிக்கறவங்ககிட்டப் போய் உங்ககிட்ட ஷெட்டி இருக்கான்னு கேக்க முடியுமா? இவரு கேக்கவும் இல்ல. "இந்தத் தடவை வரலை போல"ன்னுட்டு, எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுப் போய் நின்னுட்டாரு. நானும் குளிச்சேன். அப்படியே தோள்ல விழுந்துச்சு கண்ணு, யாரோ உரிமையாத் தட்டற மாதிரி. இப்பக் கோத்தகிரியில டீ எஸ்டேட்டுல இருந்தவராம். எனக்கு ஸ்வெட்டர் வேற வாங்கிக் குடுத்தாரு. விசாரிக்கப் போற எடத்துல நடுங்கிக்கிட்டு நின்னா மரியாதையா இருக்காதாம்!

நான் கெட்டிக்காரிதான், இல்ல? ஒரு தடவைதான் பயந்துட்டேன். பர்ஸைத் திறந்தா, சீட்டு முருகன் படத்துக்கு முன்னாடி இருக்கு. பின்னாடிதான் வெச்சிருந்தேன். நானே எப்பவாவது சில்லறை எடுக்கறப்ப மாத்தி வெச்சிருப்பேன். திரும்பப் பின்னாடி தள்ளிட்டேன்.

ஓ, வந்துருச்சா? காட்டு, காட்டு. கண்ணாடியைப் போட்டுக்கறேன் இரு. தினகர் ஷெட்டி. இதோ, கண்ணை மூடிக்கிட்டு நிக்கறாரே! நான் சொல்லலை? ஒன்பது மார்க்குக்கு நேரா பாரு, ரெண்டுன்னு இருக்கும்.

ஒண்ணா?

சரியாப் பாரு கண்ணு. வேற ஆட்டக்காரனா இருக்கும். இல்லையே, ஷெட்டிதான். உன்ற போன் பழைய பக்கத்தைக் காட்டுதோ என்னமோ. மறுபடியும் அடி. அந்த வெப்சைட்டே அப்படித்தான், நான்தான் சொன்னேனே, நீலத் தொப்பி.

இப்பவும் ஒண்ணுதானா?

இரு. இந்தா, இந்தச் சீட்டுல இருக்கற நம்பரைப் போடு. பழைய நம்பர். என்ன வருது? படிச்சுச் சொல்லு, இங்கிலீஷு எனக்கு ஓடாது. "இந்த நம்பர் நீக்கப்பட்டது. உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி." உரிமையாளர்னா? அவங்களுக்கு அட்டையை அனுப்பினவரா? எப்ப நீக்கினாங்கன்னு போட்டிருக்கா?

தை மாசமேவா!

அப்பக் குத்தாலம்? அது ஆடியில போனதாச்சே. தரங்கம்பாடி? அந்தப் பூட்டின ஊடு?

சித்த இரு கண்ணு. தண்ணி பாட்டில் இருந்தா குடு.

பொங்கலுக்கு முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தேன். கை பூரா மாவு. கேஸ் சிலிண்டர்காரரு வந்து நின்னாரு. "பர்ஸுல இருந்து எடுத்துக் குடுத்து அனுப்புங்க"ன்னு நான்தான் உள்ள இருந்து கத்தினேன். முருகா. பணம் எடுக்கப் பர்ஸைத் திறந்த எங்க ஊட்டுக்காரரு சீட்டைப் பார்த்துட்டாரு; அதைப் போட்டோ எடுக்கத் தெரியும், அந்தக் கம்பெனிக்கு மெயில் அனுப்பத் தெரியும். எடுத்துட்டு, முருகனுக்குப் பின்னாடி வெக்கணும்னு மட்டும் தெரியலை. தரம் பார்க்கற ஆளாம்! முடிச்சு எங்கேன்னு கண்டுபிடிக்கற ஆளு, ஒரு முடிச்சை விட்டுட்டாரு பாரு.

ஒரு வார்த்தை கேக்கலையே கண்ணு. நீ ஏண்டி இத்தனை நாளா மறைச்சேன்னு ஒரு வார்த்தை. மறுபடியும் உலகத்துலயே ஒண்ணுன்னு ஆயிருச்சு, அதைப் பால்காரர்கிட்டக் கூடச் சொல்லலை. தலைகால் புரியாமக் குதிச்சிருப்பாரே, எப்படி அடக்கிக்கிட்டாரு? கூறு கெட்டவன் எவனோ துப்புக் குடுக்கறான்னு நான் திட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுல, "உனக்கு அருவி பிடிக்குமா, கடல் பிடிக்குமா ராசு?"ன்னு கேட்டாரு. ரெண்டு நாள் கழிச்சுக் குத்தாலத்துல ஆள் இருக்கான்னாரு. நானும் நம்பினேன். பார்சல் கவுன்டர்ல என்னை ஒருத்தன் ஏமாத்தினதில்ல, தெரியுமா?

அழலை, அழலை. மலைக்காத்து. கண்ணுல படுது.

ஏங்கண்ணு, கொறட்டை எங்க?

எப்ப நின்னுச்சு? நீ கவனிச்சியா? நான் பேசிக்கிட்டே இருந்துட்டேனே. கண்ணை மூடித்தான் வெச்சிருக்காரு. ஷெட்டி மாதிரி. அந்தப் பை மேல விரல் தாளம் போடுது பாரு, தூங்கறவன் விரல் தாளம் போடுமா? அடக் கருமமே, எதுவரைக்கும் கேட்டாரோ!

இரு. நான் பேசறேன், நீ சிரிச்சுக் காட்டிக் குடுத்துராதே.

ஏனுங்க! உங்களைத்தானுங்க. முழிச்சிருக்கீங்களா? இந்தப் பொண்ணு சொல்லுது, கன்னியாகுமரியில ஒருத்தர்கிட்ட ஷெட்டி அட்டை இருக்குதாமா. பார்த்தவங்க சொன்னாங்களாமா.

கேட்டியா, என்ன சொன்னாருன்னு? கண்ணைத் திறக்கலை, திரும்பலை. "அப்படியா? எனக்கும் அந்தப் பக்கம்தான் சந்தேகம். சூரியன் உதிக்கறது தெரியற மாதிரி ரூம் பார்க்கணும் ராசு"ங்கறாரு.

எறங்கற எடம் வந்துருச்சா? இந்தா உன்ற பை. அந்தச் சீட்டைக் குடு, முருகனுக்குப் பின்னாடியே இருக்கட்டும். ஸ்வெட்டர் போட்டுக்கோ, குளிருது. அப்புறம் ஒண்ணு கண்ணு, யாராவது உன்னைக் கேட்டா, ஒண்ணுன்னு சொல்லிராதே. ரெண்டுன்னே சொல்லு.